புற்றுநோய் ஃபைலில் இதயத்துக்கும் ஒரு பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புற்றுநோய் என்று பயாப்ஸி அறிக்கை வந்த வாரத்திலேயே பல வீடுகளில் பிரஷர் மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் நின்றுவிடுகின்றன. யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. ‘இவ்வளவு பெரிய நோய் வந்தாச்சு, இனி இதெல்லாம் எதற்கு?’ என்ற எண்ணத்தில் ஒருநாள் விடுபடுகிறது, பிறகு ஒரு வாரம், அப்புறம் முழுவதுமாக. நோயாளியைக் குறை சொல்லிப் பயனில்லை. சிகிச்சை தரும் இடத்திலும் பல நேரங்களில் அந்த மாத்திரைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் இதயத்துக்கான ஆபத்து கூடத் தொடங்குவது சரியாக அந்த வாரத்தில்தான். அதனால் இந்தக் கடிதம்.

ஸ்வீடனில் 1991 முதல் 2006 வரை 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. புற்றுநோய் என்று தெரிந்த முதல் வாரத்தில் இதய, ரத்தநாள நோயால் இறக்கும் ஆபத்து, புற்றுநோய் இல்லாதவர்களைவிட 5.6 மடங்கு இருந்தது. பெரும்பாலானோருக்குச் சிகிச்சையே தொடங்கியிராத வாரம் அது. அமெரிக்காவில் 1973 முதல் 2012 வரை கண்டறியப்பட்ட சுமார் 32 லட்சம் புற்றுநோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில் 38 சதவீதம் பேர் புற்றுநோயால் இறந்தார்கள், 11.3 சதவீதம் பேர் இதய, ரத்தநாள நோயால் இறந்தார்கள். இதய, ரத்தநாள நோயால் நேர்ந்த இந்த இறப்புகளில் முக்கால்வாசிக்குக் காரணம் இதய நோய். அதிலும் முதல் ஆண்டில்தான் ஆபத்து உச்சத்தில் இருந்தது. இன்னோர் அமெரிக்க ஆய்வு முதியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்பு வந்தவர்கள் 2 சதவீதம். புற்றுநோய் இல்லாத ஒத்த வயதினரில் 0.7 சதவீதம். பக்கவாதம் முறையே 3 சதவீதம், 1.6 சதவீதம்.

ஏன் இப்படி? புகை, சர்க்கரை, உடல்பருமன், வயது ஆகியவை இரண்டு நோய்களுக்கும் பொதுவான வேர்கள். நுரையீரல் புற்றுநோய் வரும் அளவுக்குப் புகைத்தவரின் இதயக் குழாய் சுத்தமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அடுத்தது, கட்டியே ரத்தத்தை உறையும் பக்கம் தள்ளுகிறது. மூன்றாவது, சிகிச்சை. உயிரைக் காப்பாற்றும் அதே மருந்துகளில் சில, இதயத் தசையையோ குழாயையோ இதயத் துடிப்பையோ தொடுகின்றன. ஒவ்வொன்றும் தொடும் விதம் வேறு. ‘கீமோ இதயத்தைக் கெடுக்கும்’ என்று பொத்தாம் பொதுவாகப் பயப்படுவதைவிட, தனக்கு எந்த மருந்து, அதில் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதில்தான் பலன் இருக்கிறது.

முதல் டோஸுக்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறோம். ரத்த அழுத்தம், இசிஜி, மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகிய ஐந்தும் எல்லோருக்கும். இதயத்தைத் தொடும் மருந்து தரப்போகிறார்கள் என்றால் எக்கோ எனும் இதய ஸ்கேன். ஏற்கெனவே மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, வால்வு நோய் உள்ளவர்கள், முன்பே கீமோவோ நெஞ்சில் கதிர்வீச்சோ எடுத்தவர்கள், 80 வயது தாண்டியவர்கள் என்றால் இதயத் தசையின் சேதத்தையும் திணறலையும் காட்டும் ட்ரோபோனின், என்டி-புரோபிஎன்பி என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் இதய மருத்துவரின் கருத்தும் சேர வேண்டும். ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2022இல் இதற்கென்றே வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டது; குறைந்த, நடுத்தர, அதிக, மிக அதிக ஆபத்து என்று நோயாளிகளைப் பிரிக்க அதில் அட்டவணை உண்டு. இதெல்லாம் சில நாட்களில் முடிகிற வேலை. இதயப் பரிசோதனைக்கு நேரம் கிடைக்கவில்லை என்று புற்றுநோய்ச் சிகிச்சை வாரக்கணக்கில் தள்ளிப்போவதும் ஆபத்துதான். அதையும் நாங்கள் ஏற்கவில்லை.

எக்கோ அறிக்கையில் வழக்கமாக நடக்கும் ஒரு தவறை இங்கே சொல்லியாக வேண்டும். ‘பம்பிங் நார்மல்’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுக்கிறார்கள். பம்பிங் என்பது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற அளவு. தொடக்கத்தில் 65 சதவீதம் இருந்த பம்பிங் ஆறு மாதத்தில் 54க்கு வந்தாலும் அதே வரிதான் வரும். இறங்கிய 11 புள்ளிகள் யார் கண்ணிலும் படாது. எண் வேண்டும், ஒவ்வொரு முறையும் எண் வேண்டும். சாதாரண எக்கோவில் அந்த எண்ணே ஒருமுறைக்கு இன்னொருமுறை சுமார் 10 புள்ளி வரை மாறிக் காட்டக்கூடும் என்பது இன்னொரு சிக்கல். ஆகவே முடிந்தவரை ஒரே மையம், ஒரே இயந்திரம், ஒரே முறை. எக்கோ எடுக்கும்போது இருந்த ரத்த அழுத்தத்தையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறியிருந்தால் பம்பிங் குறைவாகத் தெரியும். முப்பரிமாண எக்கோவில் இந்த ஊசலாட்டம் குறைவு. ஸ்ட்ரெய்ன் என்ற அளவு, இதயத் தசை எவ்வளவு சுருங்குகிறது என்பதை நேரடியாகக் கணக்கிடுவது. பம்பிங் எண் இறங்குவதற்கு முன்பே இது இறங்கிவிடும். தன் பழைய அளவிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அது எச்சரிக்கை. பம்பிங் 10 புள்ளி இறங்கி 50க்குக் கீழே போனால், நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், இதயம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இனி மருந்துகள். நோயாளிகள் ‘சிவப்பு மருந்து’ என்று சொல்லும் டாக்சோரூபிசின்தான் இதில் மூத்தது. மார்பகப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய், எலும்பு, தசைக் கட்டிகள், குழந்தைகளுக்கு வரும் பல புற்றுநோய்கள் என்று இன்றும் இது இல்லாமல் முடிவதில்லை. ஏற்றிய ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம், ரத்தம் அல்ல, பயப்பட வேண்டாம். இந்த மருந்து இதயத் தசை அணுக்களில் உள்ள டோபோஐசோமரேஸ்-2 பீட்டா என்ற நொதியோடு ஒட்டி மரபணு இழைகளை உடைக்கிறது. இதயத் தசை அணுக்கள் அநேகமாகத் திரும்ப முளைப்பதில்லை என்பதால் இழப்பு கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது. இன்று கொடுக்கும் டோஸ் மட்டுமல்ல, வாழ்நாளில் இதுவரை சேர்ந்த மொத்த டோஸே ஆபத்தைத் தீர்மானிக்கிறது. உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 400 மி.கி. சேர்ந்தபோது 5 சதவீதம் பேருக்கும், 550இல் 26 சதவீதம் பேருக்கும், 700இல் 48 சதவீதம் பேருக்கும் இதயச் செயலிழப்பு வந்ததாக 2003இல் வெளியான மூன்று சிகிச்சை ஆய்வுகளின் தொகுப்பு காட்டியது. அதனால்தான் வாழ்நாள் எல்லையை 450 முதல் 550க்குள் வைக்கிறார்கள். இதயம் ஏற்கெனவே பலவீனமானவருக்கு இந்த எல்லைக்கு வெகு முன்பே பாதிப்பு வரலாம்.

கணக்கில் சறுக்குவது இங்கேதான். மார்பகப் புற்றுநோயில் பொதுவாக ஒரு சுற்றுக்குச் சதுர மீட்டருக்கு 60 மி.கி. வீதம் 4 சுற்றுகள், மொத்தம் 240. உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர் உள்ளவருக்கு ஒரு சுற்றில் உண்மையில் ஏறும் மருந்து 96 மி.கி., நான்கில் 384 மி.கி. டிஸ்சார்ஜ் அறிக்கையில் ‘384 மி.கி.’ என்று மட்டும் எழுதியிருந்தால், பின்னாளில் அதைப் படிக்கும் வேறொரு மருத்துவர் அதையே சதுர மீட்டர் அளவாக எடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது கொடுக்கக்கூடிய மருந்தையும் மறுத்துவிடுவார். எதிர்ப்பக்கத் தவறு இன்னும் மோசம். பத்து வருடம் கழித்து நோய் திரும்பி வருகிறது, மருத்துவமனை மாறியிருக்கிறது, பழைய ஃபைல் இல்லை, கணக்கு சுழியத்திலிருந்து தொடங்குகிறது. எபிரூபிசின் இதே குடும்பம்தான். ஆனால் அதன் எல்லை சுமார் 900. இரண்டையும் வேறு வேறு காலத்தில் எடுத்தவருக்கு ஒன்றை மற்றொன்றின் அளவுக்கு மாற்றிக் கூட்ட வேண்டும். ஆகவே மருந்தின் பெயர், சதுர மீட்டர் கணக்கு, சுற்றுகளின் எண்ணிக்கை, கடைசித் தேதி நான்கையும் நோயாளி கையில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

ஆபத்து அதிகம் உள்ளவருக்கு இந்த மருந்தைத் தர வேண்டியிருந்தால், நுண்ணிய கொழுப்பு உறைக்குள் பொதிந்த அதன் லிபோசோம் வடிவத்தைப் பயன்படுத்தலாம், மெதுவாக ஏற்றலாம், டெக்ஸ்ராசாக்சேன் என்ற பாதுகாப்பு மருந்தை முன்கூட்டிச் செலுத்தலாம். பாதிப்பு வந்துவிட்டால் நேரம்தான் எல்லாம். இத்தாலியில் 2625 பேரைப் பின்தொடர்ந்ததில் 9 சதவீதம் பேருக்கு இதயம் பாதிக்கப்பட்டது. அதில் 98 சதவீதம், சிகிச்சை முடிந்த முதல் ஆண்டிலேயே எக்கோவில் தெரிந்தது. அதே குழுவினரின் முந்தைய ஆய்வு ஒன்றில், பம்பிங் குறைந்தவர்களுக்கு எனலாபிரில், கார்வெடிலால் போன்ற இதய மருந்துகளைக் கீமோ முடிந்து இரண்டு மாதத்துக்குள் தொடங்கியபோது 64 சதவீதம் பேருக்குப் பம்பிங் திரும்பியது. ஆறு மாதம் தாண்டித் தொடங்கியவர்களில் ஒருவருக்குக்கூட முழுமையாகத் திரும்பவில்லை. ‘கீமோ முடிந்தது, இனி எக்கோ எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் எங்களிடம் இல்லை. முடித்த 12 மாதத்துக்குள் எல்லோருக்கும் ஒரு எக்கோ. அதிக ஆபத்துள்ளவர்களுக்கு நடுவில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, முடிந்து 3ஆம் மாதம் ஒன்று, 12ஆம் மாதம் ஒன்று.

ட்ராஸ்டுசுமாப் வேறு வகை. ஹெர்-2 என்ற புரதம் மிகுந்திருக்கும் வகை மார்பகப் புற்றுநோயின் போக்கையே மாற்றிய மருந்து இது. இதய அணுக்கள் தங்களைப் பழுதுபார்த்துக்கொள்ளவும் அதே ஹெர்-2 சமிக்ஞையைத்தான் நம்பியிருக்கின்றன; மருந்து அதையும் சேர்த்து அடைத்துவிடுகிறது. சிவப்பு மருந்தையும் இதையும் ஒரே நேரத்தில் கொடுத்த தொடக்க கால ஆய்வில் 27 சதவீதம் பேருக்கு இதயம் பாதிக்கப்பட்டது. பாக்லிடாக்சல் என்ற வேறொரு கீமோ மருந்தோடு கொடுத்தபோது 13 சதவீதம். அதன் பிறகு இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பதைத் தவிர்த்து, ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்று மாற்றினார்கள். இங்கே ஆறுதல், பாதிப்பு பெரும்பாலும் திரும்பக்கூடியது என்பது. சிகிச்சை நடக்கும் ஓராண்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுக்க வேண்டும். பம்பிங் 40க்கும் 49க்கும் இடையில் இறங்கி, மூச்சிரைப்பு இல்லை என்றால், இதய மருந்துகளைத் தொடங்கிக் கண்காணிப்போடு பல நேரங்களில் தொடரலாம். 40க்குக் கீழே என்றால் நிறுத்தி வைக்க வேண்டும். முதல் இறக்கத்திலேயே பயந்து மருந்தை அடியோடு கைவிடுவதும், எக்கோவே எடுக்காமல் ஓட்டுவதும் ஒரே அளவுக்கு நோயாளியை ஏமாற்றுவதுதான்.

குடல், வயிறு, மார்பகப் புற்றுநோய்களுக்குத் தரும் 5-ஃப்ளூரோயுராசில் ஊசி, அதன் மாத்திரை வடிவமான கேப்சிடபைன் ஆகியவை இதயக் குழாயைச் சட்டென்று சுருங்க வைக்கலாம். அடைப்பே இல்லாத குழாயிலும் இது நடக்கும். பெரும்பாலும் முதல் சுற்றிலேயே, மருந்து தொடங்கி மூன்று நாளுக்குள். ஊசி என்றால் ஆஸ்பத்திரிப் படுக்கையிலாவது வரும். மாத்திரை என்றால் வீட்டில் வரும். நெஞ்சை அழுத்துவதுபோல வலித்தால் ‘வாயுவாக இருக்கும்’ என்று அடுத்த வேளை மாத்திரையைப் போட்டுவிடாதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போய், மாத்திரை அட்டையைக் காட்ட வேண்டும். வலி நின்றபின் எடுக்கும் இசிஜி சுத்தமாக இருக்கலாம். அதை நம்பி மருந்தைத் திரும்பத் தொடங்கக் கூடாது. இன்னொன்று: ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு கேப்சிடபைன் சேர்ந்தால் ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துப்போய் உள்ளுக்குள் கசிவு வரும். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும், அல்லது வார்ஃபரினையே மாற்ற வேண்டும்.

சுனிடினிப், பசோபானிப், சோராஃபெனிப், லென்வாடினிப், பெவாசிசுமாப் ஆகியவை கட்டிக்குப் போகும் புதிய ரத்தக் குழாய்களை அறுப்பவை. இவற்றில் ரத்த அழுத்தம் ஏறுவது நாட்கணக்கில் நடக்கும், மாதக்கணக்கில் அல்ல. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் பார்த்தால் போதாது. வீட்டில் பிரஷர் கருவி வேண்டும்; முதல் சுற்றில் தினமும், பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, டோஸ் கூட்டினால் மறுபடியும் தினமும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, கை இதய மட்டத்தில் மேசையில் இருக்க, துணிமேல் கட்டாமல் வெறும் கையில் பட்டையைக் கட்டிப் பார்க்க வேண்டும். அறுவையில் அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கத்துக் கையை விட்டு மறு கையில் பாருங்கள். இலக்கு 130/80க்குக் கீழே. 160/100 தொட்டால் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். 180/110 என்றால் புற்றுநோய் மருந்தை நிறுத்தி வைத்து அழுத்தத்தை இறக்க வேண்டும். சுனிடினிப் போல நான்கு வாரம் எடுத்து இரண்டு வாரம் ஓய்வு விடும் மருந்தில், ஓய்வு வாரத்தில் அழுத்தம் தானாக இறங்கும். அப்போதும் பிரஷர் மாத்திரையை அதே அளவில் போட்டால் எழுந்தவுடன் தலைசுற்றி விழுவார்கள். பிரஷருக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். டில்டியாசெம், வெராபமில் இரண்டும் இந்த வகை மாத்திரைகள் பலவற்றைக் கல்லீரல் கழிப்பதைத் தடுத்து, ரத்தத்தில் அவற்றின் அளவை ஏற்றிவிடும்.

நோய் எதிர்ப்புச் சிகிச்சை என்ற பெயரில் வரும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப், இபிலிமுமாப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறோம். இவை எதிர்ப்புச் சக்தியின் பிரேக்கை எடுத்துவிடும் மருந்துகள். நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ, எதிர்ப்புச் சக்தி இதயத் தசையையே தாக்கும். அரிது, ஆனால் வந்தால் நான்கில் ஒருவர் முதல் இருவர் வரை இறக்கிறார்கள். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் வரும். இதன் முகம் பலவிதம்: காரணமில்லாத கடும் அசதி, நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, மயக்கம். சிலருக்கு முதலில் கண் இமை தொங்கும், பார்வை இரட்டையாகும், தொடையும் தோளும் வலிக்கும். ஏனென்றால் இதயத்தோடு மற்றத் தசைகளும் தாக்கப்படுகின்றன. கண் மருத்துவரிடம் போய் ஒரு வாரம் வீணாகிவிடும். சுமார் பாதிப் பேருக்கு எக்கோவில் பம்பிங் சரியாகவே இருக்கும்; ஆகவே ‘எக்கோ நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ட்ரோபோனினும் இசிஜியும் அன்றே பார்க்க வேண்டும். சந்தேகம் வலுத்தால் மெதில்பிரெட்னிசோலோன் நாளுக்கு 500 முதல் 1000 மி.கி. வரை நரம்பில் ஏற்றத் தொடங்கிவிட வேண்டும். எம்ஆர்ஐக்கு இடம் கிடைக்கும்வரை காத்திருக்க நேரமில்லை.

கரண்ட் வைப்பது என்று பேச்சு வழக்கில் சொல்லும் கதிர்வீச்சு இன்னொரு கால அளவில் வேலை செய்கிறது. ஸ்வீடன், டென்மார்க் நாடுகளில் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற பெண்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். இதயத்தில் விழுந்த சராசரி அளவு ஒரு கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கூடினால், மாரடைப்பு போன்ற பெரிய நிகழ்வுகளின் ஆபத்து 7.4 சதவீதம் கூடுகிறது. இதற்குக் கீழே ஆபத்தே இல்லை என்ற எல்லை எதுவும் தென்படவில்லை. முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் தொடங்கி 20 ஆண்டு தாண்டியும் அது நீடிக்கிறது. இந்த எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எதன்மேல் ஏறுகிறது என்று பாருங்கள். இதயத்தில் சராசரி 3 கிரே விழுந்தால் ஆபத்து சுமார் 22 சதவீதம் கூடும். அடிப்படையில் 2 சதவீத ஆபத்துள்ள பெண்ணுக்கு அது 2.4 ஆகும். சர்க்கரையும் புகைப்பழக்கமும் சேர்ந்து 20 சதவீதத்தில் இருப்பவருக்கு 24.4 ஆகும். அதே கதிர்தான், முன்னவருக்கு அரைப் புள்ளிகூட ஏறவில்லை, பின்னவருக்கு நாலு புள்ளிக்கு மேல். கதிர்வீச்சுக்கு முன் புகையை நிறுத்துவதும் சர்க்கரையை அடக்குவதும் இதனால்தான் சிகிச்சையின் பகுதி.

இடது மார்பகம் என்றால் ஆழ மூச்சை உள்ளிழுத்துப் பிடித்துக்கொள்ளும் முறை இருக்கிறதா என்று கேளுங்கள். நுரையீரல் விரியும்போது இதயம் நெஞ்சுச் சுவரிலிருந்து விலகிக் கீழிறங்குகிறது. அதன்மேல் விழும் கதிர் குறைகிறது. சுமார் 20 வினாடி மூச்சைப் பிடிக்க முடிய வேண்டும். திட்டமிடும் ஸ்கேனுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் பயிற்சி செய்தால் பெரும்பாலானவர்களால் முடியும். முடிந்ததும் ‘என் இதயத்துக்குச் சராசரி எத்தனை கிரே?’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கணினித் திட்டத்தில் அந்த எண் இருக்கிறது, கேட்டால் கிடைக்கும். நெஞ்சின் நடுவே கதிர் வாங்கிய நிணநீர்ப் புற்றுநோயாளிகளுக்கு வால்வு தடிப்பது, இதய உறை இறுகுவது, துடிப்பின் மின்பாதை தடைபடுவது எல்லாம் பல ஆண்டு கழித்து வரலாம். ஐந்தாம் ஆண்டிலிருந்து, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இதயக் குழாயையும் வால்வையும் பார்க்க வேண்டியவர்கள் இவர்கள்.

ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைப்பது பற்றிச் சுருக்கமாக. கணையம், வயிற்றுப் புற்றுநோயில் ஆபத்து மிக அதிகம். சிஸ்பிளாட்டின், லெனாலிடோமைட் போன்ற புற்றுநோய் மருந்துகள் அதை மேலும் கூட்டும். ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டைக்கால் வலித்தால், அன்றே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். தேய்த்துவிடக் கூடாது. வயிற்றிலோ இடுப்புப் பகுதியிலோ பெரிய புற்றுநோய் அறுவை முடிந்தவருக்கு உறைவைத் தடுக்கும் ஊசி நான்கு வாரம் வரை தேவைப்படும். டிஸ்சார்ஜ் நாளில் அது சீட்டில் விடுபட்டுப் போவது சாதாரணமாக நடக்கிறது. மறுபக்கம், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துவிட்டதாலேயே மாரடைப்பு வந்தவருக்கு ஆஸ்பிரினை மறுப்பதும் நடக்கிறது. தட்டணு 10,000க்கு மேல் இருந்தால் ஆஸ்பிரினும், 30,000க்கு மேல் இருந்தால் அதோடு அதே போன்ற வேலை செய்யும் குளோபிடோகிரெலும் பொதுவாகக் கொடுக்கலாம் என்றே வல்லுநர் குழுக்கள் சொல்கின்றன. உறைவு எதிர்ப்பு மருந்தை முழு அளவில் தர 50,000 வேண்டும்.

வாந்திக்கான ஆன்டான்செட்ரான், சில ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்துகள், ரத்தப் புற்றுநோய் மருந்துகளான ஆர்சனிக் டிரையாக்சைடு, நிலோடினிப் ஆகியவை இசிஜியில் க்யூடி என்ற இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பின் மின்வேலையும் முடிய எடுக்கும் நேரத்தை, நீட்டும். தனியாக ஒன்று இருந்தால் பெரும்பாலும் தாங்கும். மூன்று சேர்ந்து, வாந்தி பேதியில் பொட்டாசியமும் மெக்னீசியமும் இறங்கியிருந்தால் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். க்யூடி 500 மில்லி வினாடியைத் தொட்டால் மருந்துப் பட்டியலை அங்கேயே உட்கார்ந்து திருத்த வேண்டும். சில ரத்தப் புற்றுநோய்களுக்குத் தரும் இப்ருட்டினிப் எடுப்பவர்கள் நாடி ஒழுங்கில்லாமல் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்கப் பழக வேண்டும். புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோனைக் குறைக்கும் ஊசி போடுபவர்களுக்கு மாதங்களில் தசை கரைந்து வயிற்றில் கொழுப்பு சேரும். சர்க்கரையும் கொழுப்பும் ஏறும். ஆண்டுக்கு ஒருமுறையாவது இரண்டையும் பிரஷரையும் பார்க்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியது எது? கீமோ அசதிக்கும் இதய அசதிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கீமோ அசதி டோஸ் ஏறிய சில நாளில் உச்சத்துக்குப் போய், அடுத்த சுற்றுக்கு முன் தணியும். இதயம் தளர்ந்தால் அசதி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு படி கூடும், இறங்காது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், தலையணை இரண்டு மூன்றாகும், நடுராத்திரி எழுந்து உட்கார வேண்டியிருக்கும், இரண்டு கால்களும் வீங்கும். தினமும் காலையில், சிறுநீர் கழித்தபின், ஒரே எடைக்கருவியில் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதை அல்ல, நீர். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. வாந்தியும் பேதியும் பிடித்துச் சாப்பாடே இறங்காத நாளில், நீரிறக்கும் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வழக்கம்போல் போட்டால் அழுத்தம் பாதாளத்துக்குப் போய்ச் சிறுநீரகம் அடிபடும். அப்படிப்பட்ட நாளில் எதை நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தச் சொல்வார்கள், திரும்பத் தொடங்கச் சொல்ல மறந்துவிடுவார்கள். மாத்திரை நிரந்தரமாக விடுபடுவதற்கு இதுவும் ஒரு வழி.

ஸ்டாட்டின் எனும் கொழுப்பு மாத்திரை எல்லோருக்கும் இதயத்தைக் காக்குமா என்று கேட்பார்கள். நிணநீர்ப் புற்றுநோயாளிகள் 300 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், அடார்வாஸ்டாட்டின் 40 மி.கி. எடுத்தவர்களில் 9 சதவீதம் பேருக்கும் எடுக்காதவர்களில் 22 சதவீதம் பேருக்கும் பம்பிங் கணிசமாக இறங்கியது. பெரும்பாலும் மார்பகப் புற்றுநோயாளிகளைக் கொண்ட இன்னோர் ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆகவே எல்லோருக்கும் புதிதாகத் தொடங்கச் சொல்ல மாட்டோம். ஏற்கெனவே எடுப்பவர் நிறுத்தக் கூடாது என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. நடைப்பயிற்சியும் அப்படித்தான்: உடல் இடம் கொடுக்கும் அளவில், வாரம் 150 நிமிடத்தை நோக்கி. கீமோ நடக்கும்போதும்.

சிறுவயதில் சிகிச்சை பெற்றுப் பிழைத்தவர்களைப் பற்றி உங்கள் நாளிதழ் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மூன்று வயதில் ஏறிய சிவப்பு மருந்து, முப்பது வயதில் பேசும். நடந்தது அவர்களுக்கே நினைவிருக்காது, பெற்றோர் சொல்ல விரும்பியிருக்க மாட்டார்கள். சதுர மீட்டருக்கு 250 மி.கி. அல்லது அதற்கு மேல் வாங்கியவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு எக்கோ, வாழ்நாள் முழுவதும். அப்படிப்பட்ட பெண் கருவுற்றால் 12ஆம் வாரத்திலும் 20ஆம் வாரத்திலும் எக்கோ பார்ப்பது நல்லது; கர்ப்பத்தில் ரத்த அளவு கூடும்போது, அதுவரை சமாளித்து வந்த இதயம் திணறலாம். பிரசவ மருத்துவர் இதைத் தானாகக் கண்டுபிடிக்க வழியில்லை. பெற்றோர் பிள்ளையிடம் சொல்லி, அந்தத் தாளையும் கையில் கொடுத்துவிட வேண்டும்.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை இவ்வளவுதான்: நோயின் பெயர், கண்டறிந்த ஆண்டு, மருந்துகளின் பெயரும் சதுர மீட்டர் கணக்கில் மொத்த அளவும், கதிர் விழுந்த இடம், மொத்த கிரே, இதயத்தின் சராசரி கிரே, முதல் எக்கோவிலும் கடைசி எக்கோவிலும் பம்பிங் எண், தேதி, இப்போது சாப்பிடும் இதய மாத்திரைகள், அடுத்த எக்கோ எப்போது. ஒரு பக்கத்தில் அடங்கும். ஒரு பிரதி ஃபைலில், ஒரு பிரதி வீட்டில், ஒரு படம் கைபேசியில். நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்குப் போகும்போது வாயில் வரும் முதல் வாக்கியம் ‘நெஞ்சு வலிக்கிறது, எனக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறது, மருந்தின் பெயர் இது’ என்று இருக்கட்டும். சிகிச்சை முடிந்து இருபது ஆண்டு ஆனவரும் ‘நடந்தது’ என்று சொல்லி அந்தப் படத்தைக் காட்டட்டும்.

இப்படிக்கு,
புற்றுநோயாளிகளின் இதயப் பராமரிப்பில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள்